மேல்மலையில் நிலம் வாங்கியிருக்கிறீர்களா? அந்தப் புல்லில் கை வைக்கும் முன்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, கிளாவரை, கூக்கால் பக்கம் புதிதாக நிலம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேல் பக்கம் ஒரு ஏக்கர் சும்மா புல்லாகக் கிடக்கிறதே, அதில் என்ன போடலாம்?" கிரயம் பேசும்போதே அந்த இடத்தைத் தரிசு என்று சொல்லித்தான் கைமாற்றியிருப்பார்கள், அதனால் உங்கள் மேல் தப்பில்லை. என் பதில், அங்கே எதுவும் போட வேண்டாம் என்பதுதான். கீழே நீங்கள் போடப்போகும் பூண்டுக்கும் கேரட்டுக்கும் தண்ணீர் அந்த ஒரு ஏக்கரில்தான் சேர்ந்து நிற்கிறது. அதை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது, வெளியிலிருந்து வந்த வாட்டில் மரமும் கிக்குயு புல்லும் ஏறிக் கெட்டுப்போயிருந்தால் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு இரண்டரை ஏக்கர், அதில் முக்கால் ஏக்கர் புல், மீதியில் விவசாயம்.

முதல் ஒரு வருஷம் நடந்து பாருங்கள்

நிலம் கைக்கு வந்ததும் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். ஒரு வருஷம் முழுக்க எல்லாப் பருவத்திலும் நிலத்தைச் சுற்றி நடங்கள், ஒரு நோட்டில் தோராயமாகப் படம் வரைந்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே தண்ணீர் வழிந்து ஓடுகிறது, எங்கே உள்ளே இறங்குகிறது. மார்கழி, தை விடியற்காலையில் உறைபனி எந்தப் பள்ளத்தில் வெள்ளையாகப் படிகிறது. மாசி, பங்குனியில் எந்த மூலையில் கால் வைத்தால் இன்னும் ஈரமாக இருக்கிறது. இந்த மூன்றையும் குறித்தாலே போதும், எந்த இடத்தைத் தொடலாம் எந்த இடத்தைத் தொடக் கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

உறைபனியைப் பற்றி ஒரு வார்த்தை. காடு அழிந்துபோன இடத்தில் புல் முளைத்துவிட்டது, நாம் மரம் நட்டு அதைக் காடாக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நிறையப் பேர் வருகிறார்கள். நம் மலையில் கதை அப்படி இல்லை. சோலை எனும் அடர்ந்த மலைக்காடு பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் இருக்கும், புல் திறந்த சரிவுகளில் இருக்கும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காலங்காலமாக இருக்கின்றன. நீலகிரியின் சதுப்புகளில் படிந்திருக்கும் கரி மண்ணை எடுத்து ஆராய்ந்து, அங்கே புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று சூழலியல் ஆய்வாளர் ஆர். சுகுமாரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1993இல் எழுதினார்கள். மனிதர் வந்து மலையில் மரம் வெட்டத் தொடங்குவதற்கு எவ்வளவோ முந்திய கதை அது. திறந்த சரிவில் சோலை மரக்கன்று தானாக ஏறாமல் இருப்பதற்கு உறைபனி ஒரு முக்கியமான காரணம். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருஷங்களுக்கு முன் மரம் நடும் குழு ஒன்று இலவசமாகக் கன்று கொடுத்தது, நானும் ஆசையாக வாங்கி என் புல் சரிவில் குழி போட்டு நட்டேன், தை மாதம் முடிவதற்குள் பெரும்பாலான கன்றுகளின் நுனி வெந்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கியது. குழி தோண்டிப் புல்லின் தூரைப் பெயர்த்த இடத்திலெல்லாம் அடுத்த மழையில் வாட்டில் நாற்று முளைத்தது. அந்த வட்டங்களைச் சரிசெய்ய எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

எது நம் புல், எது வந்த புல்

இது கொஞ்சம் கண் பழக வேண்டிய வேலை. நம் மலைப்புல் தூர் கட்டி வளரும். ஒவ்வொரு தூரும் தனித்தனியாக ஒரு குடுமி மாதிரி நிற்கும், இரண்டு தூருக்கு நடுவே விரல் போகிற அளவு இடம் இருக்கும், அந்த இடத்தில் சின்னச் சின்னப் பூச்செடிகள் இருக்கும். மழைக்குப் பிறகு கதிர் விடும், தை மாதத்தில் காய்ந்து செம்பழுப்பாகிவிடும். சில புல்லைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை அடிக்கும், சிலது வேட்டியில் குத்திக்கொண்டு வரும் ஊசிப்புல். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, தூர் கட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிக்குயு புல் வேறு மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கொடி மாதிரித் தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடும், பாய் விரித்த மாதிரிப் பச்சையாக இருக்கும். பார்க்க அழகாக இருப்பதால் புதியவர்கள் இதைத்தான் புல்வெளி என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அதன் அடியில் வேறு எதுவும் முளைக்காது. உரம் வழிந்து வரும் பாத்தி ஓரங்களிலும் ஈரமான பள்ளங்களிலும் இது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இன்னும் ஒன்று, புல்லுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில், கரும்பச்சையாக, இலை ஓரம் பல் பல்லாக இருக்கும் புதர்களைக் களை என்று வெட்டிவிடாதீர்கள். அது குறிஞ்சியாக இருக்கலாம். 12 வருஷத்துக்கு ஒரு முறை பூத்து, விதை விட்டுக் காய்ந்துபோகும் செடி, கடைசியாக 2018இல் பூத்தது, அதே கணக்கில் அடுத்தது 2030. குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிற ஊரில், பூ இல்லாத இந்தப் பதினொரு வருஷத்தில்தான் தெரியாமல் ஏராளமாக வெட்டிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஊரில் வயதானவர் யாரையாவது கூட்டிவந்து காட்டுங்கள்.

ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள்

இதை எல்லோரும் ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் நிலத்தில் ஏற்கெனவே மண் சரிந்த விளிம்பு ஏதாவது இருக்கும், பாதை வெட்டிய இடமாக இருந்தாலும் சரி. அந்த விளிம்பில் ஒரு தூரை மண்வெட்டியால் பக்கவாட்டில் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மேலே தெரியும் புல் முழங்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் கீழே வேர் நூல் நூலாக, பின்னிய சடை மாதிரி, கறுப்பு மண்ணைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டே போகும். அந்தக் கறுப்பு, வருஷா வருஷம் செத்த வேர்கள் மக்கிச் சேர்ந்தது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கி, விட்டதும் உப்பும். பக்கத்தில் பல வருஷம் உருளைக்கிழங்கு போட்ட பாத்தியிலிருந்தும் ஒரு பிடி எடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கட்டியையும் மெதுவாக உள்ளே விடுங்கள். புல் மண் கட்டி வெகுநேரம் உருக்குலையாமல் கிடக்கும், பாத்தி மண் கொஞ்ச நேரத்திலேயே கரைந்து தண்ணீரைச் சேறாக்கிவிடும். நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு மழை நம் பக்கம் வந்தால் இரண்டு மண்ணில் எது சரிவில் நிற்கும் என்று அந்த டம்ளர்களைப் பார்த்தே யோசித்துக்கொள்ளுங்கள்.

கரிமம் சேமிப்பது பற்றிப் பேசும்போது எல்லோரும் மரத்தைத்தான் காட்டுகிறார்கள். மரம் கரிமத்தைப் பெரும்பாலும் தரைக்கு மேலே வைத்திருக்கிறது, வெட்டினாலும் எரிந்தாலும் போய்விடும். புல் தன் பங்கை மண்ணுக்குள் வைக்கிறது, மேலே தீ ஓடினாலும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். உழுதால் மட்டும் அது காற்றோடு போகத் தொடங்கும், அதனால்தான் புல் சரிவை உழ வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தண்ணீர்க் கணக்கு

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஊட்டியில் உள்ள மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு சின்ன நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. முதலில் இரண்டிலும் ஓடிவரும் தண்ணீரைச் சில வருஷம் அளந்தார்கள், பிறகு 1972இல் ஒன்றை இயற்கைப் புல்லாகவே விட்டு, மற்றதில் 59 சதவீத இடத்தில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் சுற்று மரம் வளர்ந்த காலத்தில் அந்தப் பக்கம் வெளியே வரும் தண்ணீர் ஆண்டுக்குச் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் தழைத்து வந்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. காரணம் எளிது. நம் புல் பனிக்காலத்தில் காய்ந்து ஒடுங்கிவிடுகிறது, தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடுகிறது, மழைக்காலத்தில் மண்ணில் இறங்கியது கோடையில் ஊற்றாகக் கசிகிறது. யூகலிப்டஸும் வாட்டிலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நின்று ஆழத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன.

நம் பழனி மலையில் 1973இலிருந்து நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. போனதில் பெரும்பகுதி வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோப்புகளாகிவிட்டது, மீதி விவசாயமாகிவிட்டது. இங்கிருந்து இறங்கும் தண்ணீர் வடக்கே அமராவதிப் பக்கமும் தெற்கே வைகைப் பக்கமும் போகிறது, பெரியகுளத்துக்குக் குடிநீர் பேரிஜம் ஏரியிலிருந்து போகிறது. ஆக, உங்கள் ஒரு ஏக்கர் உங்களுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒரு நாள் என் ஊற்றைக் காட்டிச் சொன்னார், "எங்க அப்பா காலத்துல இது பங்குனி வரைக்கும் ஓடும் தம்பி, மேல வாட்டில் வந்தப்புறம் தை பொறந்தாலே நின்னுபோகுது." நான் புல்லைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

எந்தப் பகுதியை விட வேண்டும்

எல்லா நிலத்தையும் புல்லாக விடச் சொல்லவில்லை, விவசாயம் செய்துதான் பிழைக்க வேண்டும். மூன்று இடங்களை மட்டும் விடுங்கள். ஒன்று, நிலத்தின் மேல் சரிவு, குறிப்பாக ஊற்றுக்கு மேலே இருப்பது. இரண்டு, ஓடையின் இரு கரையிலும் ஒரு பத்தடி. மூன்று, கால் புதையும் சதுப்பு. இதில் சதுப்பை எந்தக் காரணத்துக்காகவும் வாய்க்கால் வெட்டி வடிக்காதீர்கள், குட்டை தோண்டுவதும் அதே கெடுதல்தான். உற்றுப் பார்த்தால் அங்கே சிவப்பு மயிரிழைகளில் பசைத்துளி மின்னப் பூச்சி பிடிக்கும் சின்னச் செடி இருக்கும், மழைக்காலத்தில் தரை ஆர்க்கிட் பூக்கும். இடம் இருந்தால் நாலு பாத்திக்கு ஒரு தடவை, சரிவுக்குக் குறுக்காக, மூன்றடி அகலத்துக்குப் புல் வரப்பும் விடுங்கள். மேலிருந்து வழியும் வண்டலை அது பிடித்துக்கொள்ளும், பொறிவண்டும் சிலந்தியும் குளவியும் தங்க இடம் கிடைக்கும். அவைதான் கோஸில் வரும் அசுவினியையும் புழுவையும் தின்கின்றன, ஒவ்வொரு தடவை களை என்று வரப்பைச் சுரண்டும்போதும் அவற்றின் வீட்டைத்தான் கலைக்கிறோம். பீன்ஸ் பூவுக்கு வரும் தனித் தேனீக்களில் சிலவும் இந்தக் கலைக்காத மண்ணில்தான் துளை போட்டுக் குடியிருக்கின்றன.

வாட்டிலை எடுப்பது

இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். நீலகிரியில் இதைச் சீகை என்பார்கள், தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்டது. இதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், தீயின் சூடு பட்டால் அத்தனையும் ஒன்றாக முளைக்கும். எனவே தீ வைத்துச் சுத்தம் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் தீ பரவி வழக்கும் வரும்.

பெரிய மரங்களை ஒரே வருஷத்தில் வெட்டிச் சாய்த்தாலும் வெளிச்சம் பட்டு விதை முளைத்துக் காடாகிவிடும். புல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, கெட்ட இடத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் நாற்றுகளை வேரோடு கையால் பிடுங்கலாம், ஒரு மணி நேரத்தில் நிறைய இடம் முடியும். இலையில் வெள்ளி பூசிய மாதிரி இருக்கும் வாட்டில் வகை வேரிலிருந்தும் துளிர்க்கும், அதை வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாக வரும், பிடுங்கிக்கொண்டே இருப்பது தவிர வழியில்லை. பிடுங்கிய இடத்துக்கு அடுத்த மழையில் திரும்பப் போக வேண்டும், அதற்கு அடுத்த மழையிலும் போக வேண்டும். ஐந்து வருஷ வேலை என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வளர்ந்த மரத்தில் ரம்பம் வைப்பதற்கு முன் ரேஞ்சர் அலுவலகத்தில் கேளுங்கள். நம் மலைக்கு 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் அனுமதி வேண்டும்.

புல் நடுவது

வாட்டில் நிழலில் பல வருஷம் கிடந்த இடத்தில் புல் தானாகத் திரும்ப ரொம்ப நாள் ஆகும், நட்டுத்தான் ஆக வேண்டும். விதையும் தூவலாம், தை மாதத்தில் கதிர் காய்ந்து உதிரும் சமயத்தில் கையால் உருவிச் சாக்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் முளைப்பது கொஞ்சம்தான். தூர் பிரித்து நடுவதே நிச்சயமான வழி.

தூரை எங்கே எடுப்பது என்பது முக்கியம். ரிசர்வ் காட்டிலிருந்து எடுக்காதீர்கள், அது குற்றம். உங்கள் நிலத்தின் நல்ல பகுதியிலோ, பக்கத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு அவர் நிலத்திலோ, பத்துத் தூருக்கு ஒன்று என்று விட்டு விட்டு எடுங்கள். உருளைக்கிழங்கு போட்ட நிலத்தின் வரப்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம், அந்த மண்ணில் உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருக்கலாம், ஒரு தடவை உங்கள் மண்ணுக்கு வந்துவிட்டால் உருளை போடாமல் விட்டாலும் பல வருஷம் போகாது. எங்கிருந்து எடுத்தாலும் வேரை ஓடையில் கழுவாமல், வாளித் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரை எடுத்த இடத்திலேயே ஊற்றிவிட்டு வாருங்கள்.

ஒரு தூரைக் கையால் பிய்த்தால் மூன்று நான்கு தண்டு சேர்ந்த சின்னக் கட்டுகளாக வரும். இலையை ஒரு சாண் விட்டு மேலே நறுக்கிவிடுங்கள், வேர் நீளமாக இருந்தால் அதையும் கொஞ்சம் குறையுங்கள். மழை நன்றாகப் பிடித்த பிறகு, ஒரு அடிக்கு ஒன்றாக, சரிவுக்குக் குறுக்கே வரிசை போட்டு, மேல் வரிசையில் இரண்டுக்கு நடுவே கீழ் வரிசையில் ஒன்று வருகிற மாதிரி நடுங்கள். குச்சியால் துளை போட்டு, செருகி, குதிகாலால் அழுத்தினால் போதும், பெரிய குழி வேண்டாம். உரம் வேண்டவே வேண்டாம். நம் புல் ஏழை மண்ணில் வளரப் பழகியது, யூரியா போட்டால் கிக்குயுவும் மற்றக் களையும்தான் தின்று கொழுக்கும். ஒரே வகைப் புல்லாக நடாமல் கையில் கிடைக்கும் நாலைந்து வகையைக் கலந்து நடுங்கள்.

நிறையத் தேவைப்பட்டால் வீட்டுப் பக்கத்தில் ஒரு பாத்தி நாற்றங்கால் போட்டு, ஒரு தூரைப் பத்தாக்கி, பிறகு சரிவுக்குக் கொண்டுபோகலாம். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை சோலைக் கன்றுகளோடு மலைப்புல்லையும் நாற்றங்காலில் வளர்த்துக் காட்டியிருக்கிறது, முடிந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

மாடு, அரிவாள், காட்டுமாடு

நட்ட முதல் இரண்டு வருஷம் மாட்டை விடாதீர்கள். பிறகு விடலாம், ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் இடம் மாற்றி மாற்றி. விதை உதிர்ந்த பிறகு, அதாவது தை கடைசியில், பாதி இடத்தை மட்டும் அரிவாளால் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துக்கொள்ளலாம், மறு வருஷம் மறுபாதி. அறுத்த புல் பூண்டுப் பாத்திக்கு மூடாக்காகும். நம் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விலைக்கு விற்கும் அந்தப் பயிருக்கு மேல் களைக்கொல்லி அடிப்பதை விட இந்த மூடாக்கு எவ்வளவோ மேல். பாத்தியில் களைக்கொல்லி அடிக்கும் பழக்கம் இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள், ஒரு தடவை புல் மேல் பட்டால் போதும்.

காட்டுமாடு வருமா என்று கேட்பீர்கள். வரும். மலையில் அதற்கு மேய்ச்சல் குறைந்துபோனதும் அது தோட்டத்துக்கும் ஊருக்குள்ளும் வருவதற்கு ஒரு காரணம், உங்கள் புல்லையும் அது மேயும். கேரட் பாத்திக்கும் புல்லுக்கும் நடுவே வேலி போடுங்கள், புல்லைச் சுற்றி வேலி வேண்டாம். எனக்கு இதில் நஷ்டம் வந்திருக்கிறது, ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

நோட்டில் எழுதுவது

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்தால் அதன் கீழே பத்து லிட்டர் வாளியை வையுங்கள், நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று போனில் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். மார்கழியில் தொடங்கி ஆனி வரை, வாரம் ஒரு நாள், அதே நேரத்தில். அன்றைக்குப் புல்லில் என்ன பறவை பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நெட்டைக்காலி ஒன்று காலடியிலிருந்து விருட்டென்று எழும்பிச் சென்றால் அந்த இடத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள், தூர்களுக்கு நடுவே தரையில்தான் அது கூடு கட்டும். என் நோட்டில் இப்போது நாலாவது வருஷம் ஓடுகிறது. போன பங்குனி இரண்டாம் வாரத்தில் வாளி நிறைய வெகுநேரம் ஆயிற்று, ஆனால் நிறைந்தது.